கப்பலின் முடி

கப்பலை வண்டியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலையில், வலம்புரி காலனியின் நாற்பத்திரண்டு வீட்டில் கொடியிலும் பீரோவிலும் உடம்பிலும் இருந்த அத்தனை துணியிலும் அதன் முடி விழுந்திருந்தது. கப்பல் என்பது நாய். தூத்துக்குடியில் கப்பல் என்றால் எல்லாரும் கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இசக்கி. பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்பவர்கள் ஏதாவது சோகக் கதையை எதிர்பார்த்து முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் கிடையாது, எனக்குப் பிடிக்கவில்லை, நின்றேன். காலனி வாசலில் அம்மா மூன்று பழைய வாஷிங் மிஷினை வாங்கிப் போட்டு வைத்திருக்கும் துவைக்கிற கடையை நான்தான் நடத்துகிறேன். அம்மா காலையிலேயே கேன்டீன் சமையலுக்குப் போய்விடுவாள்.

மூன்று மிஷினுக்கும் மூன்று குணம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்ததைத்தான் எல்லாரும் உசத்தி என்பார்கள், பார்க்கவும் லட்சணமாக இருக்கும், ஆனால் சரியான கஞ்சன். ரெண்டு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சுமைத் துணியைப் புரட்டிப் புரட்டி எடுக்கும், அழுக்கு போகும், கறை போகும், நாய் முடி மட்டும் போகாது, ஈரத்துணியோடு சேர்த்து அழுத்தி ஒட்டித் தந்துவிடும், மிச்சத்தைக் கதவு ரப்பரின் மடிப்புக்குள் ஒளித்து வைத்து அடுத்த வீட்டுத் துணிக்குக் கொடுக்கும். மேல்மூடி மிஷின் தண்ணீரைத் தொட்டி நிறையக் குடிக்கும், துணி அதில் நீந்தும், முடி மிதந்து போய் உள்சுவரில் இருக்கும் வலைப்பையில் சேர்ந்துவிடும். ஆனால் அவசரத்தில் சுமையைத் திணித்தால் அதுவும் முன்கதவுக்குத் தம்பிதான். மூன்றாவது, ரெண்டு தொட்டி மிஷின். ஒரு தொட்டியில் துவைத்து, நாமே கையை விட்டு அலசி, மறு தொட்டியில் போட்டுப் பிழிய வேண்டும். இடுப்பு விட்டுப் போகும், ஆனால் மூன்று தண்ணீர் அலசினால் ஒரு முடி தங்காது. துணியைப் போடும் முன் வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள், அரைச் சுமைதான் போட வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வேன். ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இந்தக் கதையின் குற்றம் அதில்தான் இருக்கிறது. காலனிக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதனால் ஒரு சுமையின் கடைசி அலசல் தண்ணீரை நாங்கள் கீழே விடமாட்டோம், வாளியில் பிடித்து அடுத்த வீட்டுச் சுமைக்கு முதல் தண்ணீராக ஊற்றிவிடுவோம். கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். எனக்கும் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

பத்தாம் நம்பர் வீட்டு மரிய புஷ்பம் அக்கா தனி ஆள், தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளுக்குக் காது கேட்காது; நம் வாயைப் பார்த்தே என்ன பேசுகிறோம் என்று பிடித்துக்கொள்வாள். அவளுக்குக் காதாக இருந்தது கப்பல்தான். வெள்ளையில் பழுப்புத் திட்டு, உடம்பு பூராவும் விரல் நீளத்துக்குச் சடைமுடி. கதவு தட்டினால், குக்கர் விசில் அடித்தால், ஓடிப்போய் அவள் முந்தானையைக் கவ்வி இழுக்கும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் மண்ணுக்கு அடியில் காற்று நகரும், அந்தச் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது, கப்பலுக்கு எட்டும். அதனால் தண்ணி நாளில், காது நன்றாகக் கேட்கிற நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருக்கும்போது, கேட்காத புஷ்பம் அக்காதான் முதல் ஆளாகக் குடத்தோடு வந்து நிற்பாள், அதற்கப்புறம்தான் குழாய் இருமும்.

அவள் துணியில் கப்பலின் முடி இருக்கும். அந்தத் துணியை அலசிய தண்ணீரைத்தான் நான் அடுத்த வீட்டுச் சுமைக்கு ஊற்றினேன். ஒருநாள் சங்கத் தலைவர் தனுஷ்கோடி சார், உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏட்டி, கொடியேத்தப் போட்டுட்டுப் போற சட்டைட்டி இது. எவன் வீட்டு நாய்முடி எஞ்சட்டையில?"

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "புஷ்பம் அக்கா நாய்தான் சார், மிஷின் வடிகட்டி எல்லாம் அடைச்சுப் போகுது" என்றேன்.

"நீதான் பதினொண்ணு வரை படிச்சிருக்கேல்லா. ஒரு மனு எழுது."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. முதல் கையெழுத்து என்னுடையது, அப்புறம் காலனியின் நாற்பத்து மூன்று வீட்டில் நாற்பத்திரண்டு வீடு கையெழுத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் அக்கா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் லோடு ஆட்டோ சுடலைமணி அண்ணன் பிஸ்கட்டைக் காட்டிக் கப்பலை ஏற்றிக்கொண்டு போனார். எங்கே விட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புஷ்பம் அக்கா திரும்பி வந்ததும், ஓடிப் போயிட்டுக்கா என்று நாற்பத்திரண்டு வாய் ஒரே மாதிரி அசைந்தது.

மறுநாள் முடி விழுந்தது.

முதல் நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் திட்டினார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். பூட்டி வைத்த பட்டுப்புடவையில் விழுந்தது, கடையில் வாங்கி அப்போதுதான் உறை பிரித்த பனியனில் விழுந்தது, வேலைக்குப் போனவர்கள் சட்டையில் வேலை செய்யும் இடத்திலேயே விழுந்தது. எங்கிருந்து விழுகிறது என்று மேலே பார்த்தால் வானம்தான் இருந்தது. காலனிக்காரர்கள் கறுப்புச் சட்டையை விட்டார்கள், வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு கலரில் துணி எடுத்தார்கள், ஜவுளிக்கடைக்காரர் வலம்புரி காலனியா என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அடுக்கை இறக்கிப் போட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் தருவதற்கு முன்னால், தோளைத் துடைத்துக்கொள்ள ஈரமான ரப்பர் கையுறை தந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசும்போது பேச்சை நிறுத்தாமலே எதிராளி தோளிலிருந்து முடியை எடுத்துவிடும் பழக்கம் வந்தது. அப்படி எடுக்கப் போய், ஏழு வருஷமாகப் பேசாமல் இருந்த பதினாலாம் நம்பரும் பதினைந்தாம் நம்பரும் பேசிக்கொண்டார்கள். தனுஷ்கோடி சார் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தோளைத் தொட்டுப் பார்த்து, "சால்வை நல்லாருக்கே, வடக்கேருந்து வரவழைச்சதா?" என்று கேட்டாள். சார் கண்ணைச் சிமிட்டாமல் ஆமாம் என்றார்.

என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. முன்கதவில் போடு, இல்லை மேல்மூடியில் போடு, வினிகர் ஊற்று, ரெண்டு தடவை ஓட்டு என்று ஆளுக்கொரு பேச்சு. உதறிவிட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னதை முதல் தடவையாகக் கேட்டார்கள், ரோட்டோரமாக வரிசையாக நின்று போர்வைகளை உதறினார்கள். ரெண்டு தொட்டியில் மூன்று தண்ணீர் அலசினால் சுத்தமாகப் போனது. சாயங்காலத்துக்குள் மறுபடி விழுந்தது. எல்லாரையும்விட என் சுடிதாரில்தான் அதிகம் விழுந்தது.

அந்த வாரத்துத் தண்ணி நாளில் குழாய் நின்று அரைமணி நேரம் கழித்துப் புஷ்பம் அக்கா வெளியே வந்தாள். ரெண்டு குடத்தையும் குழாயடியில் வைத்துவிட்டு, ஈரத் தரையைப் பார்த்தாள், காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு மறுநாள் அவள் வீட்டிலிருந்து குக்கர் கருகிய வாடை தெரு முழுக்க வந்தது. பதினாலாம் நம்பர் ஒரு குடம் தண்ணீரை அவள் வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தாள். கறுப்பில் நீலப் பூப்போட்ட சேலை. என் முன்னால் முந்தானையை விரித்துக் காட்டினாள். ஒரு முடி கிடையாது.

"ஏட்டி இசக்கி, ஊர் பூராவும் விழுது. எம்மேல மட்டும் ஏன் விழமாட்டேங்குது? நான் என்ன பாவம் செஞ்சேன் அதுக்கு?" தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள், மூன்று மிஷினும் ஓடிக்கொண்டிருந்தும் அந்தக் கேள்வி தெருமுனை வரை போயிருக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனு, கையெழுத்து, சுடலைமணி அண்ணன், பிஸ்கட், வாளித் தண்ணீர், எல்லாம்.

"என்னத்தச் சொல்லுத? தலையத் தூக்கு. ஒன் வாயைப் பாத்தாத்தானே எனக்குக் கேக்கும்."

காது கேட்கிறவர்களிடம் தரையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம். அவளிடம் முடியாது. தலையைத் தூக்கி, அவள் கண்ணுக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து திறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்திரண்டு வீடுமா?"

"ஆமாக்கா."

"தனுஷ்கோடியுமா? அவரு பேரனுக்கு மொட்டை போடுறப்ப ஒரே நாள்ல சட்டை தச்சுக் குடுத்தனே."

"அவர்தான் எழுதச் சொன்னாரு. எழுதினது நான்."

அதற்கு மேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேல்மூடி மிஷினுக்குப் போய், உள்ளே கையை விட்டு, வலைப்பையை உருவி, அதற்குள் பந்தாகச் சுருண்டிருந்த ஈரமுடியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். "சோப்பு வாசந்தான் வருது" என்றாள். அப்படியே கைக்குள் வைத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் ஏதோ நெருநெருவென்று வந்தது. வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

சிவப்பு மண். எங்கள் காலனி மண் கடல் மண், வெளுத்தது. இது குங்குமம் மாதிரி இருந்தது.

"இது தேரி மண்ணுல்லா" என்றாள்.

நான் ஓடிப்போய் முன்கதவு மிஷினின் அடிவடிகட்டியைத் திருகித் திறந்தேன். முடியைப் பிடிக்காத அந்தக் கஞ்சன், முடிக்குள் இருந்த மண்ணையும் விதையையும் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருந்தது. சிவப்பு மண்ணும் பனைமரச் சிராயும் ஒரு கைப்பிடி. சுடலைமணி அண்ணனைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

"குதிரைமொழித் தேரியிலதான்க்கா விட்டேன். ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் முழுசாப் பிரிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தேன், சத்தியமா" என்றார், அது பெரிய நியாயம் மாதிரி.

அவர் வண்டியிலேயே போனோம். தேரி என்பது செம்மணல் மேடு, அங்கே காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வைத்த காலடி திரும்பிப் பார்ப்பதற்குள் அழிந்துவிடும். பனைமரம்தான் நின்றது, பிஸ்கட் தாள் ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டு கிடந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் புஷ்பம் அக்கா என் சுடிதார்த் தோளில் விழுந்துகொண்டிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சேர்த்தாள். "விழுற வரைக்கும் உயிரோட இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து என் கடை துவைக்கிற கடையாக இல்லை. முடி வேண்டுமென்றால் மேல்மூடி, முடிக்குள் இருந்த மண்ணும் விதையும் வேண்டுமென்றால் முன்கதவு, தண்ணீரின் நிறமும் வாடையும் தெரிய வேண்டுமென்றால் ரெண்டு தொட்டி. மூன்றும் சேர்ந்தால்தான் கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அலசின தண்ணீரைத் திரும்ப ஊற்றினால் பழைய மண் புது மண்ணோடு கலந்துவிடும். ஒவ்வொரு சுமைக்கும் புதுத்தண்ணீர் வேண்டும், அவ்வளவு தண்ணீர் என்னிடம் இல்லை. வீட்டுக்கு ஒரு குடம் தாருங்கள் என்று கேட்டேன். இதுவரை எப்படிச் சமாளித்தாய் என்று தனுஷ்கோடி சார் கேட்டார். காலனியே கூடி நின்றது. சொன்னேன்.

சார் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "அப்போ எஞ்சட்டையில கெடந்த முடி..."

"நாய் கொண்டாந்து போடல சார். நான் ஊத்துன தண்ணி."

என்னை எல்லாரும் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று இங்கே எழுத முடியாது. மிஷின் சத்தத்தைவிட அதிகமாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது. திட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தனுஷ்கோடி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். அவர் பின்னால் பதினாலாம் நம்பர். அவள் பின்னால் பதினைந்து. கடைசியில் கடைக்குள் குடம் வைக்க இடமில்லை.

அடுத்த தண்ணி நாளில் ரெண்டு தொட்டியின் தண்ணீர் கறுத்தது, முன்கதவு வடிகட்டியில் வாழை நாரும் ஒரு துண்டு வெற்றிலையும் இருந்தன. "ஆத்தூர். ஆத்தங்கரை வந்துட்டு" என்று கத்தினார் சுடலைமணி அண்ணன், எல்லாரையும்விடச் சத்தமாக. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினோம். வெற்றிலைக் கொடிக்கால் வேலிக்குள் நாய் படுத்திருந்த தடம் இருந்தது, நாய் இல்லை. அதற்கடுத்த தண்ணி நாளில் உடைமுள்ளும் மீன் செதிலும் வந்தன. பழையகாயல். நாய் நடந்து வருகிறது, வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி, ஆனாலும் வடக்கே பார்த்து வருகிறது. காலனியில் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் தங்கள் தோளைத்தான் பார்த்தார்கள். முடி குறைந்துகொண்டே வந்தது. முதலில் கைநிறைய விழுந்தது சிட்டிகையாயிற்று, அப்புறம் வீட்டுக்குப் பத்து முடி, அப்புறம் நாலு. அதை எண்ணாதீர்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கடுத்த தண்ணி நாளில் மேல்மூடியின் வலைப்பையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். முன்கதவிலும் இல்லை. ரெண்டு தொட்டியில் தண்ணீர் தெளிவாக நின்றது. விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

"உப்பு" என்றேன்.

தனுஷ்கோடி சார் என்னைத் தள்ளிவிட்டுத் தன் சட்டையை அலசிய தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "கடத் தண்ணி இல்ல இது. பாத்தி உப்பு. முள்ளக்காட்டுப் பக்கம். தப்பே கெடையாது, முப்பது வருஷம் இந்த நாக்குலதான் சோறு தின்னுருக்கேன்."

முள்ளக்காடு பக்கம்தான். நடந்தே போய்விடலாம். போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புப் பாத்தி, பாத்தி முழுக்க வெள்ளை, வெயிலில் அதைப் பார்க்கவே முடியவில்லை. வெள்ளை உப்பில் வெள்ளை நாயை எங்கே தேடுவது. கப்பல், கப்பல் என்று நாற்பது பேர் கத்தியதைக் கேட்டு உப்பு வாருகிற பெண்கள், எங்கம்மா இங்க கப்பலு, துறைமுகம் அந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள்.

புஷ்பம் அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "நாம தேடுனா கெடைக்காது. அதுதான் நம்மளத் தேடணும். அதுக்கு வழிகாட்ட என்ன இருக்கு? வாசம்தான் இருக்கு. அதையும் நாம அலசி அலசிச் சாக்கடையில விட்டாச்சு."

அன்றைக்கு வலம்புரி காலனி துவைப்பதை நிறுத்தியது. போட்ட துணியை அப்படியே கழற்றிக் கொண்டுவந்தார்கள். வியர்வையும் மீன்குழம்பும் தைலமும் முடியும் ஒட்டிய சட்டை, லுங்கி, நைட்டி, தலையணை உறை. உப்பளத்து வரப்பிலிருந்து காலனி வாசல் வரை, முள்செடியிலும் மைல்கல்லிலும் மின்கம்பத்திலும் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தோம். பஸ்ஸில் போனவர்கள் ஏதோ திருவிழா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். புஷ்பம் அக்கா தான் நாலு நாளாக மாற்றாமல் கட்டியிருந்த அந்தக் கறுப்புச் சேலையைக் கிழித்துக் கிழித்து ஒவ்வொரு துணிக்கும் பக்கத்தில் ஒரு துண்டு முடிந்தாள். அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் கடையைப் பார்த்துவிட்டு, "தண்ணி நாள்ல மிஷினை மூடிப் போட்டுட்டு நிக்கியே, ஒனக்குப் புத்தின்னு ஒண்ணு இருக்காட்டி?" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் இடுப்பிலிருந்த கேன்டீன் துண்டை அவிழ்த்து என்மேல் எறிந்தாள். "இதையும் கட்டு. நாலு ஊருக்கு வாசம் வரும்."

மறுநாள் காலை ஒருத்தர் துணியிலும் ஒரு முடிகூட விழவில்லை.

நான் தோளைப் பார்த்தேன், முதுகைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், சுடிதாரைக் கழற்றி உதறினேன். ஒன்றுமில்லை. வெளியே வந்தால் எல்லாரும் வாசலில் நின்று அதையே செய்துகொண்டிருந்தார்கள். அந்த மூன்று நாள் மாதிரி சுத்தமான நாள் காலனியில் இருந்ததில்லை. சுத்தம் எல்லாருக்கும் உடம்பில் கூசியது. பேசும்போது கை பழக்கத்தில் எதிராளி தோளுக்குப் போகும், அங்கே எடுக்க ஒன்றும் இருக்காது, கை அந்தரத்தில் நின்றுவிட்டுத் திரும்பும். தனுஷ்கோடி சார் வெளுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், பத்தாம் நம்பர் வாசலைப் பார்த்தார், உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு உட்கார்ந்தார். புஷ்பம் அக்கா வீட்டில் தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வலைப்பையிலிருந்து இத்தனை நாளாக எடுத்துக் காயவைத்துச் சேர்த்த முடி என்னிடம் ஒரு தலையணை உறை நிறைய இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மிஷின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் தண்ணி நாள். வெயில் ஏறிவிட்டது. எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள், நான் மட்டும் கடை வாசலில் நின்றேன். பத்தாம் நம்பர் கதவு திறந்தது. புஷ்பம் அக்கா ரெண்டு குடத்தோடு வெளியே வந்தாள்.

குழாய் சும்மா கிடந்தது.

அவள் நடந்து வந்தாள், ஒரு குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள், குழாய் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டுக் காத்திருந்தாள். "தண்ணி இன்னும் வரலக்கா" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் குழாய் இருமியது, ஒருதரம், ரெண்டுதரம், காற்று வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் அவள் முந்தானையைப் பார்த்தேன். நுனி எச்சிலால் நனைந்து கசங்கியிருந்தது.

சத்தம் கேட்டு மற்றவர்களும் குடத்தோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவளையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவள் காலுக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே ஒன்று நின்றது. உடம்பில் ஒரு முடி கிடையாது. வெயிலில் வெந்து, தொட்டால்வாடிப் பூ நிறத்தில், காது ரெண்டும் தோல் உரிந்து, காலெல்லாம் உப்புப் புண்ணோடு, முதுகிலிருந்து வயிறு வரை புஷ்பம் அக்கா தைத்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைப் போட்டு, எல்லாப் பொத்தானும் ஒழுங்காக மாட்டியிருந்தது.

"பன்னிக்குட்டி!" என்றது ஒரு குழந்தை.

"ஏ, கப்பல்ட்டி அது" என்றாள் பதினாலாம் நம்பர், சொல்லிக்கொண்டே குடத்தைக் கீழே போட்டாள்.

இருந்த முடி அத்தனையும் எங்களுக்கு அனுப்பிவிட்டது. அனுப்ப இனி ஒன்றும் இல்லாததால்தான் முடி விழுவது நின்றிருக்கிறது. அந்த மூன்று நாளும் அது துணி துணியாக மோந்துகொண்டு நடந்து வந்துகொண்டிருந்தது, நாங்கள் இங்கே அது செத்துப் போனதாக நினைத்து உட்கார்ந்திருந்தோம்.

கப்பல் ஒவ்வொருவராக மோந்தது. தனுஷ்கோடி சாரிடம் வந்தபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், அப்புறம் எடுத்து நீட்டினார். என்னிடம் வந்து என் காலை மோந்து, சுடிதாரை மோந்து, தன் வாசத்தைத் தானே கண்டுபிடித்துத் தும்மியது. நான் கடைக்குள் ஓடி அந்தத் தலையணை உறையைக் கொண்டுவந்து புஷ்பம் அக்காவிடம் நீட்டினேன். தலையைத் தூக்கித்தான் நீட்டினேன்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இத என்னட்டி செய்ய? திரும்ப ஒட்டவா?" என்று காலனியே அதிரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் உறையின் வாயைத் தைத்துக் கப்பலுக்குப் படுக்கையாகப் போட்டாள். அது இப்போதும் என் கடையில் ரெண்டு தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. தண்ணி நாளில் கப்பல் அதில் படுத்துக்கொண்டு மண்ணுக்கடியில் காற்று வருவதற்காகக் காதை வைத்திருக்கும். காலனியில் இப்போது யாரும் தண்ணீருக்காக எட்டிப் பார்ப்பதில்லை. கப்பல் எழுந்து ஓடினால் குடத்தை எடுக்கிறார்கள்.

ஐப்பசி மழை முடிந்த பிறகு ஒருநாள் தனுஷ்கோடி சார் வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்தார். தோளில் ஒரே ஒரு முடி, குட்டையாக, புதுசாக, பழுப்பு நிறத்தில் இருந்தது. வானத்திலிருந்து விழுந்தது இல்லை அது, காலையில் கப்பலைத் தூக்கி வைத்துக் கொஞ்சியபோது ஒட்டியது. நான் சட்டையை வாங்கி ரெண்டு தொட்டியில் போடப் போனேன்.

"அதுல வேண்டாம். முன்கதவுல போடு."

"சார், அதுல முடி போகாது."

"தெரியும்ட்டி. போடு."